மரமில்லா நாட்டிற் பத்து வாரம்

கோடை விடுமுறை தொடங்கியதும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவருட் பலர் தத்தம் ஊருக்குத் திரும்புவர். சிலர் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வேலை பார்த்து அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம் சேர்ப்பர். ஒரு சிறு கூட்டத்தார் மாத்திரம் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்கள் செல்லும் நாட்டில் மரம் இல்லை. கோடையில் இரவும் இல்லை. கடைத்தெரு இல்லை, உற்றார் உறவினர் இல்லை. நுளம்பு மட்டும் குறைவின்றி உண்டு. முழங்காலளவு இறப்பர்ச் சப்பாத்தணிந்து சதுப்பு நிலத்தில் நடந்து, ஒரு சாண் சதுரத் தரையிலுள்ள புல்லையும் பாசியையும் வெட்டியெடுத்து, இலை வேறு, தண்டு வேறு, வேர் வேறாகப் பிரித்து எடைபோடுவதே அங்கு அவர்களுடைய வேலை. இவ்வேலைக்கு இடங் கிடைக்குமா என்று மாரிகாலத்திலேயே விண்ணப்பம் எழுதிவிட்டு, பதிலுக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கின்றனர்.

புல்லை எடைபோடுவதற்கு இத்துணைத் தூரம் போவானேன் என்று வாசகர் கேட்பது இயல்பே. அவ்வினாவுக்கு விடை தேடுவோம். உயிரியலும் புவியியலும் பயிலும் மாணவர்க்கும், அவரைப் பெற்றோர்க்கும் இதில் அறிய வேண்டுவன சில உள.

துந்திரா என்னும் பெயரை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்திற் படித்திருக்கிறோம். ஐரோப்பா, சைபீரியா, அலாஸ்கா, கனடா ஆகியவற்றின் வடவிளிம்பிலே ஆட்டிக் சமுத்திரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மரமற்ற வெளி அது. கோடையில் அங்கே மேல்மண் ஒரு முழ ஆழத்துக்கு இளகும். அதற்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் கல்லைப்போல் உறைந்தே கிடக்கும். இவ்வுறைமண் சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குச் செல்கின்றது.

துந்திராவின் இயல்பு முழுவதும் இவ்வுறைமண்ணையே பற்றி நிற்கின்றது. அங்கு பெய்யும் மழையும் பனியும் சொற்பம். வரண்ட நாடுகளிற் பெய்யும் அளவே. ஆயினும் நிலம் சதுப்பாகக் கிடக்கின்றது. நீர் கீழே இறங்குவதற்கு வழியில்லாமையே அதற்குக் காரணம். குளிரும் ஈரமும் சேர்ந்தமையால் மடிந்த செடி எளிதில் உக்குவதில்லை. புல் வளர்கிறது, மடிகிறது, உக்காமலே மண்ணிற் சேர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்த காபன் வடபுல உறைமண் பிரதேசத்திலே ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கோடி தொன் இருக்குமென்று மதிப்பிட்டுள்ளனர். நாம் சுவாசிக்கும் வளிமண்டலம் முழுவதிலுமுள்ள காபனைப்போல் இஃது ஏறத்தாழ இரு மடங்காகும்.

இந்த மண் இப்போது இளகத் தொடங்கியுள்ளது. 1979 தொடக்கம் உள்ள வெப்பநிலைப் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வொன்று, ஆட்டிக் பிரதேசம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமேறி வருவதாகக் காட்டியது. மண் இளகினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் தொழிற்படத் தொடங்கி, பழைய காபனைக் காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் மாற்றி வெளியே விடும். அவ்வாயுக்கள் வெப்பத்தை மேலும் கூட்டும். மறுபுறத்தில், வெப்பம் கூடியவிடத்துச் செடிகளும் செழித்து வளர்ந்து காபனீரொட்சைட்டை உள்ளே இழுக்கும். மண் விடுவது மிகுமா, செடி இழுப்பது மிகுமா? உலகின் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றையும் தொடும் வழக்கு இது. அவ்வழக்கிற் சாட்சி சொல்ல வந்தவையே மாணவர் எடைபோடும் அந்தப் புல்லும் பாசியும்.

தூலிக் ஏரிக்கரை

இத்தகைய ஆய்வு நிலையங்கள் வடக்கே பல உள. அவற்றுள் மாணவர் பெயரோடு நெருங்கிய தொடர்புடையது அலாஸ்காவிலுள்ள தூலிக் ஆய்வு நிலையம். பெயார்பாங்ஸ் நகரிலுள்ள அலாஸ்காப் பல்கலைக்கழகம் அதனை நடத்தி வருகின்றது. பெயார்பாங்ஸிலிருந்து அங்கு செல்ல லொறி வண்டியில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வடக்கே போக வேண்டும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாயை அமைப்பதற்காக 1974 இல் வெட்டிய பாதை அது. பெரும்பாலும் கற்சல்லி பரப்பிய வழியே. குழாயும் கூடவே வரும். யூக்கொன் ஆற்றைக் கடந்து, ஆட்டிக் வட்டத்தைக் கடந்து செல்லும்போது ஊசியிலை மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி, ஓரிடத்தில் முற்றாக நின்றுவிடுகின்றன. பின்னர் 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அற்றிகன் கணவாயைத் தாண்டிப் புறூக்ஸ் மலைத்தொடரின் மறுபுறம் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமையும் பழுப்பும் கலந்த வெட்டவெளி. அவ்வெளியின் நடுவே தூலிக் என்னும் ஏரி. அந்நாட்டு இனுபியாத் மக்களின் மொழியில் அது ஒரு நீர்ப்பறவையின் பெயர்.

1975 இல் இங்கு ஆராய்ச்சியாளர் முதன்முதல் முகாமிட்டனர். எண்ணெய்க்காகத் திறந்த பாதை அறிவுக்கும் வழிவிட்டது என்று சொல்லலாம். அதே எண்ணெய் எரிந்த புகையே இன்று அந்நிலத்தை இளக்குகின்றது என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும். 1987 தொடக்கம் இவ்விடம் அமெரிக்காவின் நெடுங்காலச் சூழலியல் ஆய்வுத் தளங்களுள் ஒன்றாக இருந்து வருகின்றது. அதே 1987 இலேயே அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம், பட்டப் படிப்பு முடியாத மாணவரைக் கோடையில் ஆராய்ச்சிக்கு அழைக்கும் திட்டமொன்றையும் தொடங்கியது. மாணவர்க்கு உதவிப்பணம் உண்டு. காலம் பெரும்பாலும் பத்து வாரம். அவர் வெறும் கையாளாக மட்டும் செல்வதில்லை. வழிகாட்டும் ஆராய்ச்சியாளர் ஒருவரின் கீழ்த் தமக்கென ஒரு வினாவை வகுத்து, அதற்குத் தாமே அளவெடுத்து, கோடை முடிவில் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துரைக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளதை ஒப்புவிப்பதன்று இது. விடை எவருக்கும் தெரியாத வினா.

பெற்றோர் கேட்பன

பிள்ளை எங்கே உறங்கும், என்ன உண்ணும் என்பதே பெற்றோர் முதலிற் கேட்பது. உறங்குவது கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டிலிலும். மே மாதக் கடைசி முதல் யூலை மூன்றாம் வாரமளவும் சூரியன் அங்கு மறைவதில்லை. ஆதலால் கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டே பலர் உறங்குவர். உணவுக்குக் குறைவில்லை, தூலிக் நிலையத்துச் சமையற்கூடம் ஆராய்ச்சியாளரிடையே புகழ் பெற்றது. குளிப்பதுதான் பெருங் கஷ்டம். கழிவுநீரை அவ்வெளியில் ஊற்ற முடியாது. லொறியில் ஏற்றித் தொலைவிலே கொண்டுபோக வேண்டும். எனவே வாரத்திற்கு இரண்டு குளிப்பு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்பது அங்கு வழங்கிய கணக்கு. நாளுக்கு இருமுறை கிணற்றடியில் நின்று வாளி வாளியாக வார்த்துப் பழகிய நம்மவர்க்கு இது கரடியைவிடப் பெரிய சோதனை!

கரடியும் உண்டு. கபில நிறக் கரடிகள் அப்பக்கம் வந்து போவதால், அவற்றை விரட்டும் மிளகாய்ச்சாறு தெளிப்பானை எப்படிப் பிடிப்பது என்று வந்த நாட்களிலேயே பழக்கிவிடுவர். உண்மையில் கரடியிலும் கொடியது ஈரமும் காற்றும். யூலை மாதத்திலும் அங்கு பனி பெய்வதுண்டு. நனைந்த உடையோடு நெடுநேரம் நிற்பவனது உடற்சூடு குறைந்து, அறிவு மயங்கிப்போகும். தனியே வெளிச் செல்லாமையும், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவைத்துச் செல்லுதலும் இதற்காகவே.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆய்வு நிலங்களுக்கிடையே பலகை பரப்பிய பாதைகள் உள்ளன. அவற்றிலிருந்து இறங்கி நினைத்தபடி நடக்க விடமாட்டார்கள். துந்திராவில் பலர் மிதித்த தடம் ஆண்டுக்கணக்கில் மாறாது. ஒரு கோடையில் அவசரமாக மிதித்தது, பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் எடுக்கும் அளவைக் கெடுக்கும்.

கம்பியும் கத்தரிக்கோலும்

கருவிகளெல்லாம் பிரமாதமானவை என்று எண்ண வேண்டா. மண் எவ்வளவு ஆழத்துக்கு இளகியுள்ளது என்றறிய ஒரு மெல்லிய உருக்குக் கம்பி போதும். கம்பியை மண்ணிற் குத்தி அழுத்தினால், உறைமண்ணில் முட்டியதும் கல்லிற் பட்டதுபோல் நிற்கும். நுழைந்த நீளத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த இடம். அதற்குப் பிறகு அடுத்தது. இப்படி ஒருநாளிற் பலநூறு தரம் குத்தி அளப்பவர் உண்டு.

வாயுவை அளப்பதற்குக் கண்ணாடிபோற் தெளிந்த பெட்டியொன்றைச் செடிகளின்மேற் கவிழ்த்து, உள்ளே காபனீரொட்சைட்டு கூடுகின்றதா குறைகின்றதா என்று பார்ப்பர். பின்பு பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடி மறுபடியும் பார்ப்பர். வெளிச்சத்திற் செடி உண்பது எவ்வளவு, இருளில் செடியும் மண்ணும் சேர்ந்து மூச்சுவிடுவது எவ்வளவு என்பது இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டாற் புலனாகும். இரவே இல்லாத நாட்டில் இரவைத் துணியால் உண்டாக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

வேறு சில இடங்களிலே மேலே திறந்த ஆறுபக்க வேலி ஒன்றைத் தெளிந்த தகட்டினாற் செய்து நிலத்தில் வைத்திருப்பர். காற்றைத் தடுத்து வெயிலை உள்ளே விடுவதால் அவ்வேலிக்குள் வெப்பம் ஒன்று முதல் மூன்று பாகை வரை கூடும். வருங்காலத்தின் ஒரு துண்டை முன்கூட்டியே வைத்துப் பார்க்கும் உபாயம் அது. 1990 இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி இம்முறையை வகுத்துக்கொண்டு, துந்திரா எங்கணும் ஒரே விதமாக நடத்தி வருகின்றனர்.

எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிப்பது நாம் தொடக்கத்திற் சொன்ன புல் பிரிக்கும் வேலையே. நீண்ட கத்தியால் வெட்டி எடுத்த ஒரு சாண் சதுரத் துண்டை மேசைமேல் வைத்துச் சுற்றியிருந்து பிரிப்பர். பருத்திப்புல் ஒருபுறம், குட்டைப் பேர்ச்சுச் செடி ஒருபுறம், பாசி ஒருபுறம். அதிலும் இவ்வாண்டு துளிர்த்த இலை வேறு, சென்ற ஆண்டுத் தண்டு வேறு, மடிந்தது வேறு. நூலினும் மெல்லிய வேர்களைச் சாமணத்தால் எடுப்பர். ஒரு துண்டு மணிக்கணக்கில் நேரத்தை விழுங்கும். பின்பு உலர்த்தி, எடைபோட்டு, அரைத்து, காபன் எவ்வளவு, நைதரசன் எவ்வளவு என்று காண்பர். அரிசி புடைத்துக் கல் பொறுக்கிய நம் வீட்டுப் பெண்மணிகள் இவ்வேலையைக் கண்டால் உடனே விளங்கிக்கொள்வர்.

வடதுருவத்துக்கு முதலிற் போனவர் யார் என்று கொடி நாட்டிப் பூசலிட்டவர்களின் கதைகளை நாம் நிரம்பப் படித்துவிட்டோம். மேசையைச் சுற்றியிருந்து வேர் பிரிப்பவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. உலகிற்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் நமது வாக்கு பின்னவர்க்கே.

ஒரு கோடை போதாது

அதற்குக் காரணமும் கூறுவோம். 1981 இல் தூலிக் அருகே சில துண்டு நிலங்களுக்கு ஆண்டுதோறும் நைதரசனும் பொசுபரசும் இடத் தொடங்கினர். மண் இளகும்போது சத்துக்களும் கூடுதலாக வெளிப்படும். அப்போது என்ன நேரும் என்று அறிவதே நோக்கம். முதல் ஆண்டுகளிற் புல் செழித்தது. பத்துப் பதினைந்து ஆண்டு கழியவோ, குட்டைப் பேர்ச்சு தலையெடுத்து மற்றவற்றை மூடிக்கொண்டது. பருத்திப்புல் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. நிலத்தின்மேல் வளர்ச்சி இரு மடங்கானது. அம்மட்டோடு நிறுத்தியிருந்தால், வெப்பமேறும் துந்திரா காபனை நிறைய உள்ளிழுக்கும், கவலை வேண்டா என்று முடிவு கட்டியிருப்பர். ஆனால் இருபது ஆண்டுகளின் பின் மண்ணையும் சேர்த்து வெட்டி எடைபோட்டபோது கணக்குத் தலைகீழாயிற்று. மேலே கூடியதைவிடக் கீழே போனது அதிகம். சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோகிராம் காபன் அந்நிலத்தை விட்டு நீங்கியிருந்தது. 2004 இல் இம்முடிவு வெளியானபோது சூழலியலார் திடுக்கிட்டனர்.

ஆற்றிலும் இதே பாடம். 1983 முதற் கோடைதோறும் கூப்பாறுக் ஆற்றில் பொசுபரசைச் சொட்டுச் சொட்டாக விட்டு வந்தனர். முதலிற் பாறைகளில் அல்கா படர்ந்தது, பூச்சிகள் பெருகின, அவற்றை உண்ணும் கிறேலிங் மீன் நன்கு வளர்ந்தது. ஏழெட்டு ஆண்டு சென்ற பின்னர் எவரும் எதிர்பாராத ஒருவகைப் பாசி ஆற்றின் அடித்தளத்தையே போர்த்து, ஆற்றின் இயல்பை மாற்றிவிட்டது. மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து, அளந்து, அடையாளமிட்டு மீண்டும் விடுவதும் அங்கு ஆய்வு வேலைதான். சில மாணவருக்குக் கிடைக்கும் பாக்கியம் அது.

1980 களின் தொடக்கத்திலே பருத்திப்புற் குடுமிகளைப் பெயர்த்து, தெற்கிலுள்ளதை வடக்கிலும் வடக்கிலுள்ளதைத் தெற்கிலும் நட்டனர். ஒரு குடுமி நூறாண்டுக்கு மேலும் உயிர்வாழும். முப்பது ஆண்டு கழித்து வேறொரு தலைமுறையினர் அவற்றைத் தேடிச் சென்று அளந்தனர். அந்தந்த இடத்துக் குடுமிகள் அந்தந்த இடத்துக்கே பழகியவை என்பதும், அவற்றுக்கு உகந்த வெப்பநிலையோ இப்போது ஏறக்குறைய 140 கிலோமீற்றர் வடக்கே நகர்ந்துவிட்டது என்பதும் தெரியவந்தன. புல் இருந்த இடத்திலே இருக்க, அதன் தட்பவெப்பம் அதனை விட்டுப் போய்விட்டது.

இவற்றுள் எதனையும் ஒரு கோடையிற் கண்டிருக்க முடியாது. ஒரு பேராசிரியரின் ஆயுளும் சில வேளை போதாது. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் வந்து, முன்னவர் அளந்த அதே இடத்தை அதே முறையில் அளந்து வைக்க வேண்டும். அந்த யாரேனும் ஒருவர் பலகாலும் இருபது வயது மாணவரே. அவர் கவனமின்றி எழுதிய ஓர் எண் முப்பது ஆண்டுக் கணக்கிற் புகுந்துவிடும்; அவர் வராத ஆண்டு அக்கணக்கில் வெற்றிடமாய் நிற்கும். பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் இத்தகைய சலிப்பூட்டும் அளவெடுப்பே என்பது கவலைக்குரியது.

எதிர்பாராதவையும் நிகழ்வதுண்டு. 2007 யூலையில் தூலிக்கின் வடமேற்கே அனக்தூவுக் ஆற்றுப் பக்கத்தில் இடி விழுந்து தீப்பற்றியது. ஈரத் துந்திரா எரியாது என்று நம்பியிருந்த காலம் அது. தீ இலையுதிர் காலம் வரை எரிந்து, 1,039 சதுர கிலோமீற்றரைக் கரியாக்கியது. அதிலிருந்து வெளியேறிய காபன் ஏறத்தாழ 21 இலட்சம் தொன். உலகத்துத் துந்திரா முழுவதும் ஓராண்டிற் சேமிக்கும் அளவுக்கு ஒப்பானதென்று 2011 இல் கணக்கிட்டனர். எரியாத நிலத்தின் பழைய அளவுகள் கையிலிருந்தமையாலேயே எரிந்ததைக் கணக்கிட முடிந்தது.

சைபீரியாவின் மூடிய கதவு

துந்திராவின் பெரும்பங்கு ருசியாவில் உள்ளது. 2008 முதல் போலாரிஸ் என்னும் திட்டத்தின்கீழ் அமெரிக்க மாணவர் கோடைதோறும் சைபீரியாவின் கொலிமா ஆற்றங்கரையிலுள்ள செர்ஸ்கி என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கு ஆற்றங்கரை இளகிச் சரியும்போது, பனியுகத்து மாமத யானைகளின் எலும்பு மண்ணிலிருந்து வெளிவரும். ருசிய மாணவரும் அமெரிக்க மாணவரும் ஒரே மேசையிலிருந்து நீரையும் மண்ணையும் ஆராய்ந்தனர். பின்னர் அத்திட்டம் அலாஸ்காவின் தென்மேற்கே, 2015 இல் தீயுண்ட யூக்கொன்-கஸ்கோக்விம் கழிமுகத்துக்கு மாறியது. யூப்பிக் மக்கள் மீன்பிடித்தும் பழம் பறித்தும் வாழும் நாடு அது. அம்மக்களின் அறிவை விஞ்ஞானிகள் நெடுங்காலம் செவிமடுக்கவில்லை. இப்போதுதான் மெல்லக் கேட்கத் தொடங்கியுள்ளனர்.

2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது ருசியா படையெடுத்தபின் மேலைநாடுகளுக்கும் ருசிய ஆய்வு நிலையங்களுக்கும் இடையேயிருந்த தொடர்பு பெரும்பாலும் அறுந்தது. ஆட்டிக் நிலப்பரப்பிற் பாதியளவு இதனால் உலகக் கணக்கிலிருந்து மங்கிப் போயிற்று. அலாஸ்காவையும் சுவீடனையும் மட்டும் பார்த்துச் சைபீரியாவை ஊகிப்பது எவ்வளவு பிழையாக முடியலாம் என்று 2024 இல் ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர்.

சைபீரியத் துந்திரா நமக்கு அந்நியமன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் மாரியில் வந்து சேற்றைக் கிளறும் சிறு உள்ளான்களுட் சில அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பறவை ஆராய்ச்சியாளர் மன்னாரிற் பிடித்துச் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகம், ஆட்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம் வரை பறந்து சென்றது. பறவைக்குத் தடையில்லாத வழி மாணவர்க்கு அடைபட்டு நிற்கிறது.

நம் மாணவர் போகலாமா?

நேரடியாகவே சொல்வோம். மேற்கூறிய அமெரிக்க உதவிப்பணத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர்க்குமே உரியது. இங்கிருந்து விண்ணப்பிப்பது வீண். அங்கு குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கு அது திறந்தே உள்ளது. வைத்தியம், பொறியியல் என்ற இரு வாசல்களை மட்டும் காட்டும் பெற்றோர் இம்மூன்றாம் வாசலையும் ஒருமுறை காட்டலாம்.

இலங்கை மாணவர்க்கு வேறொரு வழியுண்டு. நோர்வேயின் சுவல்பார் தீவுகளிலே, 78 ஆம் பாகை அகலக்கோட்டுக்கும் வடக்கேயுள்ள லோங்கியர்பியன் நகரில், 1993 முதல் ஒரு பல்கலைக்கழக நிலையம் இயங்குகின்றது. ஆட்டிக் உயிரியல், புவிச்சரிதவியல் முதலியவற்றை ஆங்கிலத்திற் கற்பிக்கின்றனர். மாணவருட் பாதியளவினர் பிற நாட்டார். தம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிற் பட்டப்படிப்பில் இருப்பவர் அங்கு ஒரு பருவமோ ஒரு பாடமோ பயில விண்ணப்பிக்கலாம். வெண்கரடி உலாவும் தீவு ஆதலால் முதற் பாடமே துப்பாக்கி பிடிப்பதும் குளிர்நீரில் உயிர்பிழைப்பதும்தான். சுவல்பாரில் இறங்க விசா வேண்டியதில்லை. ஆயினும் வழியில் நோர்வேயின் பெருநிலத்தைக் கடந்தே போக வேண்டியிருப்பதால், போகவும் திரும்பவும் செல்லத்தக்க ஐரோப்பிய விசாவை முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். பயணச் செலவும் வாழ்க்கைச் செலவும் மிகப் பெரிது. அங்கு உணவுப்பொருளெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருவன. தம் பேராசிரியர் மூலம் இரு பல்கலைக்கழகங்களுக்குமிடையே ஏதேனும் பரிமாற்ற ஏற்பாடு உண்டா என்று விசாரித்த பின்பே முயல்வது நன்று. சுவீடனின் அபிஸ்கோவில் 1913 தொடக்கம் இடைவிடாது வானிலைப் பதிவு செய்துவரும் நிலையமும் உண்டு. அங்கு பெரும்பாலும் மேற்பட்டப் படிப்பினரே செல்கின்றனர்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? பரீட்சைப் புள்ளிகளை எல்லோரும் எழுதுவர். வெளிக்கள வேலை பழகியவரா, ஈரத்திலும் பசியிலும் முகங்கோணாதவரா, எழுத்து மற்றவர்க்கு விளங்குமா என்பவற்றையும் தேர்வோர் பார்க்கின்றனர். சிங்கராஜ வனத்திலோ கண்டற் காட்டிலோ ஒரு மாதம் செடி எண்ணிய அனுபவம் இருந்தால் அதனை முதலில் எழுதலாம்.

போக இயலாதவர்க்கும் ஒன்று உண்டு. தூலிக் நிலையத்தின் வெப்பநிலை, பனியாழம், முதற் பூ மலர்ந்த நாள் முதலியவற்றின் பதிவுகளும், 1980 கள் தொடக்கம் வெட்டி எடைபோட்ட புல்லின் கணக்குகளும் இணையத்தில் யாவர்க்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து, புள்ளிவிபரவியல் கற்ற ஒரு மாணவர் அவற்றை இறக்கி, வேறெவரும் கேளாத ஒரு வினாவை அவற்றிடம் கேட்கலாம். அட்டவணைகளின் ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, நிலத்துண்டின் எண், செடியின் பெயர், எடை எல்லாம் உள. வேர் பிரித்த மாணவரின் பெயர் மாத்திரம் அங்கு இல்லை.